காற்றோடு போய்விடுமாம்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யாராக இருப்பார் என்பதும் எனக்குத் தெரியாது. நான் பிளஸ் டூ படிக்கிறேன், அவ்வளவுதான். இருந்தாலும் இதை உனக்குத்தான் எழுதுகிறேன். இப்போது உயிரோடு இருக்கிற யாருக்கு எழுதினாலும் ஒன்று என் அப்பாவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போகும், இல்லையென்றால் என் அம்மாவின் வேலை போகும். நீ வளர்ந்து, ஒரு வேலையில் உட்கார்ந்து, மீசையெல்லாம் வைத்துக்கொண்டு இதைப் படிக்கும்போது யாருக்கும் எந்தக் கெடுதலும் வராது. நீ மகளாகவும் இருக்கலாம். ஆனால் மகளாக இருந்தால் இதில் பாதி உனக்குச் சொல்லாமலேயே புரிந்துவிடும். மகனுக்குத்தான் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. அதனால் மகன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா தூங்குகிறாள். அவள் மூச்சு இப்போதெல்லாம் நடுவில் ஓரிடத்தில் தட்டி நின்று, பிறகு போகிறது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நானும் எழுதுவதை நிறுத்துகிறேன். நாளைக் காலை அவள் மறுபடி அந்தக் குடோனுக்குள் போகப் போகிறாள். என் ஸ்கூல் பையில் என்னுடையது அல்லாத ஒரு பொருள் இருக்கிறது. அதைத் தேடி நாளைக்கு ஆள் வரும். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். கோபம் தீர்வதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

உன் தாத்தாவும் பாட்டியும், அதாவது என் அப்பாவும் அம்மாவும், போடி பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்தவர்கள். நான் பிறந்தது இங்கேதான். எனக்கு மலையாளம்தான் சரளமாக எழுத வரும். தமிழ், மளிகைப் பொட்டலம் கட்டி வந்த பத்திரிகைத் தாள்களை வைத்து அம்மா சொல்லிக்கொடுத்தது. பஜார் ரோட்டில் ஒரு முதலாளியின் சுக்குக் குடோன் இருக்கிறது. அப்பா அங்கே சரக்குப் பொறுப்பு. அம்மா அங்கே சுக்குத் தரம் பிரிக்கிறாள். அவளோடு இன்னும் சில பெண்கள் உண்டு, அதில் நபீசாத்தா எங்கள் பக்கத்து வீடு. எல்லாரும் நீளமான சாக்கின் மேல் வரிசையாக உட்கார்ந்து, பூச்சி அரித்ததை ஒரு பக்கமும் நல்லதை ஒரு பக்கமும் தள்ளுவார்கள். கை வேலை செய்யும், வாய் ஊர் வம்பு பேசும். லீவு நாளில் நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பிடித்த இடம் அது. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குப் பிடித்த இடம் அது.

சுக்கில் பூச்சி விழாமலிருக்க மருந்து வைப்பார்கள். மூட்டைகளை அடுக்கி, மேலே தடிமனான பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போர்த்தி, உள்ளே மாத்திரைகளை வைத்து, பாயின் ஓரத்தில் மணல் அடைத்த நீளமான துணிக்குழாய்களைக் கிடத்திவிடுவார்கள். காற்றில் உள்ள ஈரம் பட்டதும் மாத்திரை பொடிந்து வாயுவாகும். பூச்சி சாகும். பூச்சி மட்டும் சாகும் என்று வாயுவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் இதை லைசென்ஸ் உள்ள ஆட்கள்தான் செய்யவேண்டும், அத்தனை நாள் யாரும் கிட்டே போகக்கூடாது, பிறகு கதவு ஜன்னல் திறந்துவைத்து, மீட்டர் வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்தபிறகே உள்ளே நுழையவேண்டும். முன்பெல்லாம் எர்ணாகுளத்திலிருந்து அப்படி ஆட்கள் வந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அவர்கள் வரத் தாமதமாகி ஒரு கப்பல் தவறியது. அன்றைக்கு முதலாளி அப்பாவைப் பார்த்து, "எத்தன தவண கண்டிட்டுண்டு நீ? நீதன்னே வெச்சோ" என்றார், இத்தனை தடவை பார்த்திருக்கிறாயே, நீயே வை என்று. அப்பா மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தானே வைத்தார். அன்றிலிருந்து அவர்தான் வைக்கிறார். மீதி மாத்திரைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாயா குடிக்கப் போகிறவர் போல நடந்துபோவார்.

பழைய குடோன் அது. தரைக் கல் மேடும் பள்ளமுமாக இருக்கும். மணல் குழாய் எங்கேயாவது தூக்கிக்கொண்டு நிற்கும். பெண்கள் உட்காரும் அறைக்கும் மூட்டை இருக்கும் அறைக்கும் நடுவில் மேலே மர அழி, அதாவது மரக்கம்பி, வைத்த ஜன்னல், எப்போதும் திறந்தே கிடக்கும். கசிந்தால் நாற்றம் வருமே, ஓடிவிடலாமே என்று நீ கேட்பாய். நாற்றம் வரும். பூண்டு நாற்றம். எங்கள் குடோனுக்குப் பின்சுவர் எதுவோ அதுதான் பூண்டு மொத்த வியாபாரியின் குடோனுக்கும் பின்சுவர். மழைக்காலத்தில் அந்த மூட்டைகள் வியர்த்து, தெரு முழுக்க மணக்கும். வேறு எந்த ஊரிலும் அந்த நாற்றம் வந்தால் ஆட்கள் எழுந்து ஓடியிருப்பார்கள். எங்கள் ஆட்கள், "இன்னிக்கி வெளுத்துள்ளி லோடு வந்திருக்கு போல" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். நானே சொல்லியிருக்கிறேன். வெளுத்துள்ளி என்றால் இங்கே பூண்டு.

ஒருநாள் மதியம் அங்கே எல்லாருக்கும் தலைவலி. அம்மா முதலில் வாந்தி எடுத்தாள், பிறகு மூச்சு வாங்கிற்று, பிறகு சுக்குக் குவியலின் மேலேயே சாய்ந்துவிட்டாள். நபீசாத்தாதான் அவளை இழுத்து ஆட்டோவில் போட்டது. நான் ஸ்கூலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது டாக்டர் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன சாப்பிட்டாங்க?" அப்பா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "மீன்தான் சார். அயிலைக் குழம்பு. நேத்து வச்சது." டாக்டர் எழுதிக்கொண்டார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அந்தக் குழம்பை வைத்தது நான்.

மகனே, எவ்வளவோ நாள் நான் அதை நம்பினேன். மீனைச் சரியாகக் கழுவவில்லையா, செவுளை விட்டுவிட்டேனா, இரவு சூடு பண்ண மறந்தேனா என்று மனதுக்குள் அந்தச் சட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். அம்மா மூக்கில் குழாயோடு கிடந்தபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிரும்மா, மன்னிச்சிரும்மா என்று அழுதேன். அப்பா பக்கத்திலேயே நின்றார். அழாதே என்று சொன்னார். உன் மேல் தப்பில்லை என்று சொல்லவில்லை. தெருவில் பையன்கள் விட்டுவைக்கவில்லை. "எடீ, இன்னு எந்தா கறி? ஆம்புலன்ஸ் விளிக்கணோ?" இன்றைக்கு என்ன குழம்பு, ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று. மீன்காரச் சேட்டன்கூட, "என்டெ மீன் பெடக்கிற மீனாயிருந்நு கேட்டோ, நீ எந்து செய்து?" என்று எல்லார் எதிரிலும் கேட்டார், துள்ளத் துடிக்கத் தந்த மீனை நான் என்ன செய்தேன் என்று. நான் சமைப்பதை நிறுத்தினேன். அப்பா கடையிலிருந்து கப்பைக் கிழங்கு வாங்கி வந்தார். அதைச் சாப்பிடும்போதும் முகத்தில் ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டார்.

நபீசாத்தாதான் முதலில் சொன்னது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "எனக்கும் அன்னிக்கு தலவேதன. ராத்திரி வரைக்கும் ஓக்கானம். நான் உன் மீன தொட்டுகூட இல்லல்லோ மோளே?" என்றாள். நான் நின்றேன். "நீ தின்னியா அந்த மீன?" தின்றேன். "உன் அப்பா தின்னாரா?" அப்பா இரண்டாம் தடவை சோறு வாங்கித் தின்றார். "அப்போ?" என்றுவிட்டு குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்போ என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருந்தேன். அதற்குப் பிறகு கெமிஸ்ட்ரி கிளாஸில் பாஸ்பீன் வாயு பற்றிப் பாடம் வந்தது. நிறம் கிடையாது, அழுகிய மீனின் நாற்றம் உண்டு, விஷம் என்று டீச்சர் படித்தார். மீன் என்றதும் கிளாஸில் சிலர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "சுத்தமில்லாததானால் வெளுத்துள்ளி மணமும் வரும்" என்று டீச்சர் சேர்த்துச் சொன்னார். எந்தப் பொருளிலிருந்து வரும் என்று கேட்டேன். டீச்சர் சொன்ன பெயரை அப்பாவின் மாத்திரை டப்பாவில் நான் முன்பே படித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். கத்தவில்லை. "அது மீனில்லல்ல?" என்றுதான் கேட்டேன்.

"மெதுவாப் பேசு."

"மீனில்லல்லப்பா?"

"மருந்துன்னு சொன்னா யாரு வச்சதுன்னு கேப்பான். லைசென்ஸ் எங்கன்னு கேப்பான். முதலாளி கைய விரிச்சிருவாரு. நான் உள்ள போனா நீ எப்படிப் படிப்ப? உங்க அம்மாவுக்கு யாரு மருந்து வாங்குவா?"

"அதுக்கு என் மேல போட்டீங்களா?"

"மீன் மேலதான் போட்டேன். உன் மேல போடல." பிறகு, "எல்லாம் உனக்காகத்தான் மோளே" என்றார்.

இந்த இடத்தை நீ மெதுவாகப் படிக்கவேண்டும். உனக்காகத்தான் என்று பெரியவர்கள் சொல்லும்போது உடனே உருகிவிடாதே. எனக்காக என்ன செய்தார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார். எனக்காக அவர் செய்தது, அம்மாவைக் கொல்லப் பார்த்தவள் என்று நான் என்னையே நினைத்துக்கொள்ளும்படி விட்டது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. அவளிடம் போய், "உனக்குத் தெரியுமா?" என்றேன். அவள் என் தலையைக் கோதிக்கொண்டே, "குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு. உப்பு மட்டும் ஒரு கல்லு கூட" என்றாள். இதை ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா? அவள் மேலும் எனக்குக் கோபம்தான். அவள் மூச்சு தட்டும்போது மட்டும் அது மறந்துபோகிறது.

அப்பா இவ்வளவு பயப்படுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் எங்கள் குடோன் சுக்கு கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. வேறொரு மருந்தின் மிச்சம் அதில் ஒட்டியிருந்ததாம். இங்கே கொடுத்த பரிசோதனைத் தாள் அங்கே செல்லாதாம். ஒரு நாட்டில் சரி என்பது பக்கத்து நாட்டில் தப்பு. கப்பல் போய் வந்த செலவெல்லாம் எங்கள் தலையில் விழுந்தது. பெண்களுக்கு வேலை இல்லை, அப்பாவுக்குச் சம்பளம் இழுத்துக்கொண்டே போனது. ரப்பர் செருப்பில் ஊக்கு குத்திக்கொண்டு நான் ஸ்கூலுக்குப் போனது அப்போதுதான். அதனால், சுற்றியுள்ள நாடுகளின் அதிகாரிகளும் வியாபாரிகளும் எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் கூடப்போகிறார்கள், எந்த இரசாயனத்தை விடலாம், எதைத் தடுக்கலாம், எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்று எல்லாருக்கும் ஒரே சட்டம் எழுதப்போகிறார்கள், ஓரிடத்துப் பரிசோதனை எல்லா இடத்துக்கும் செல்லும் என்று கேள்விப்பட்டபோது வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். அப்பா தினமும் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்து அம்மாவிடம் சொல்லுவார். கூட்டத்தார் மட்டாஞ்சேரியில் ஒரு நல்ல குடோனையும் பார்க்க வருகிறார்கள், முதலாளி நம் குடோனைக் கொடுத்திருக்கிறார் என்றபோது அவர் குரலே மாறிப்போயிருந்தது. இது நல்லபடியாக முடிந்தால் சரக்கு இனி திரும்பாது. சரக்கு திரும்பாவிட்டால் நம் வாழ்க்கை நேராகிவிடும். அவர் அதை நம்புகிறார். அவர் நம்புவது முழுப் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

குடோன் அப்படியே மாறிவிட்டது, மகனே. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். மர அழி ஜன்னலைப் பலகை வைத்து மூடினார்கள். அதை மூட இவ்வளவு சுலபமா என்று பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எல்லாருக்கும் பச்சைத் தொப்பி, கையுறை, மூக்கை மூடும் நல்ல கனமான மாஸ்க். உள் அறைக் கதவின் பக்கத்தில் ஆணி அடித்து மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன மீட்டரைத் தொங்கவிட்டார்கள். வாயு இருந்தால் கத்துகிற மீட்டர். அது ஒருநாள் வாடகைக்கு வந்தது. நபீசாத்தா மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, "நிக்காஹுக்குகூட என்னெ இத்தன அலங்காரம் செய்யல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கப் போய் இருமினாள். கொழும்பிலிருந்து தமிழ் பேசும் ஒரு மேடம் வருகிறார் என்பதால், பூச்செண்டு கொடுக்க என்னையும் வரச்சொல்லியிருந்தார் முதலாளி.

இன்று மதியம் வந்தார்கள். கோட்டுப் போட்டவர்கள், கழுத்தில் அட்டை தொங்கவிட்டவர்கள், வியாபாரிச் சங்கத்து ஆட்கள். நம்மூர் அதிகாரி ஒருவர், பெண்கள் உட்காரும் அறையில் காட்சிக்காகத் தார்ப்பாய் போர்த்தி வைத்த மூட்டைகளின் முன்னால் நின்று விளக்கினார். பழைய மருந்தையெல்லாம் விட்டுவிட்டு இந்த மாத்திரைக்கு மாறியதுதான் நல்லது, எல்லா நாடும் இதை ஒத்துக்கொள்ளும் என்றார். ஏனென்றால் இது சரக்கில் தங்குவதே இல்லையாம். தின்கிறவர்களுக்கு ஒரு துளிகூடப் போகாதாம். "எல்லாம் காற்றோடு போய்விடும்" என்று கையை மேலே விரித்துக் காட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் கை விரித்த இடத்துக்கு நேர் கீழே, சாக்கின் மேல், அம்மா உட்கார்ந்திருந்தாள்.

கொழும்பு மேடம் மட்டும் குனிந்து மணல் குழாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பெண்களிடம் வந்தார். அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, "அம்மா, இந்த வேலையால உங்களுக்குச் சுகமில்லாமப் போனதுண்டோ?" என்று கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். முதலாளி அம்மாவைப் பார்த்தார். அம்மா சொன்னாள், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம். ஒரு தடவ ஆஸ்பத்திரில இருந்தேன். அது மீன் ஒத்துக்காம."

பூச்செண்டு வந்த தட்டு என் கையில் இருந்தது. "அந்தக் குழம்ப நான்தான் வச்சேன் மேடம்" என்றேன். "நாங்க மூணு பேரும் சாப்பிட்டோம்."

அவ்வளவுதான் சொன்னேன். வேறு நாட்டு அதிகாரி ஒருவர், பெண் என்ன சொல்கிறாள் என்று முதலாளியிடம் இங்கிலீஷில் கேட்டார். முதலாளிக்குத் தமிழ் நன்றாகப் புரியும். அவர் என் தோளில் கையைப் போட்டு, இந்தப் பெண் மீன் குழம்பு பிரமாதமாக வைப்பாள், உங்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று இங்கிலீஷில் சொன்னார். கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த கூட்டம் இவள் வீட்டில்தான் என்று ஒருவர் சொன்னார், அதற்கும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மகனே, என் அப்பா அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது மேடம் பின்தங்கி என் பக்கத்தில் வந்தார். "பிள்ளை, எனக்கு விளங்கினது" என்றார்.

"அப்ப எழுதுவீங்களா?"

"என்ட அறிக்கையில எழுதுவன். ஆனா உமக்குப் பொய் சொல்லக்கூடாது. இந்த ஒப்பந்தம் சரக்கைப் பத்தினது. வேலை செய்யிற ஆக்களைப் பத்திக் கதைக்கிறது வேற அமைச்சு, வேற கூட்டம்."

"அந்தக் கூட்டம் எப்ப?"

மேடம் படகுத்துறைப் பக்கம் பார்த்தார். "எனக்குத் தெரியாது" என்றார். பிறகு ஆணியில் தொங்கிய மீட்டரை எடுத்து, "இதைச் சும்மா தொங்கவிட்டிருக்கினம், உயிரே இல்லை. பக்கத்துப் பட்டனை அமத்திப் பிடிச்சாத்தான் வேலை செய்யும். கதவைக் கொஞ்சம் திறந்து, முதல்ல இதை நீட்டிப் பார்க்கவேணும். சத்தம் போட்டா ஒருத்தரும் உள்ளே போகக்கூடாது" என்று செய்து காட்டினார். அவர் நல்லவர். ஆனால் நல்லவர்களும் காரில் ஏறிப் போய்விடுகிறார்கள்.

கார்கள் போனதும் முதலாளி மலையாளத்தில், "எல்லாத்தையும் திரும்பக் கொடு, நாளைக்கு ஆள் வருவான்" என்றார். பெண்களிடமிருந்து தொப்பி, கையுறை, மாஸ்க் எல்லாவற்றையும் வாங்கி அட்டைப்பெட்டியில் போடும் வேலை எனக்கு. ஒவ்வொருத்தராகக் கழற்றிக் கொடுத்தார்கள். அம்மாவின் மாஸ்க் உள்பக்கம் ஈரமாக இருந்தது. நான் அவள் முகத்திலிருந்து அதைக் கழற்றினேன். அந்த நேரத்தில், புதுச் சரக்குக்கு இன்றைக்கே அவசரமாக மருந்து வைக்கவேண்டும் என்று முதலாளி அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மர அழி ஜன்னலில் அடித்த பலகையையும் கழற்றச் சொன்னார். பலகை வேறு வேலைக்கு வேண்டுமாம். மீட்டரைப் பெட்டியில் போடுவதற்குப் பதிலாக என் பையில் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது.

இப்போது உனக்குச் சில விஷயங்கள் சொல்லவேண்டும். அம்மாக்கள் கடிதத்தில் சொல்வது போலத்தான். நீ படித்து, ஒருவேளை அந்தக் கோட்டுப் போட்டவர்களில் ஒருவனாகவே ஆகிவிடலாம். அப்படி ஆனால் போ, உட்கார், சட்டம் எழுது. நாடுகள் சேர்ந்து உட்கார்ந்து சட்டம் எழுதுவது தப்பென்று நான் சொல்லவே இல்லை; எழுதாததால்தான் நான் ஊக்குக் குத்திய செருப்பு போட்டேன். ஆனால் சரக்கில் ஒட்டவில்லை என்று யாராவது காட்டினால், அப்படியானால் எங்கே போயிற்று என்று கேள். காற்றோடு போயிற்று என்றால், அந்தக் காற்றில் யார் இருந்தார்கள் என்று கேள். ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்டால், எந்த இடத்தில் மூச்சு விட்டாய் என்றும் எழுதிக்கொள்ளச் சொல். யாராவது ஒரு பெண் தட்டைப் பிடித்துக்கொண்டு நடுங்கும் குரலில் ஏதாவது சொன்னால், வேறு மொழியாக இருந்தாலும், மற்றவர்கள் சிரிக்கும்போது நீ சிரிக்காதே. சிரித்தாய் என்று எனக்குத் தெரிந்தால் வீட்டுக்குள் விடமாட்டேன்.

எழுதுவதை நிறுத்தித் தூங்கிவிட்டேன் போல. இப்போது விடிந்துவிட்டது. பள்ளிவாசலில் ஓதி முடிந்தது. அம்மா எழுந்து சாயா போட்டுவிட்டாள், வேலைக்குப் போகும் சேலையைக் கட்டிக்கொண்டாள். அவள் குளியலறைக்குப் போனபோது மீட்டரை வெளியே எடுத்து, மேடம் காட்டியதுபோல் பட்டனை அழுத்திப் பிடித்தேன். வெளிச்சம் வந்தது. பூஜ்யம். எனக்குச் சரியாகப் பிடிக்க வருகிறதா என்று பார்க்கவேண்டும் என்றுதான். அம்மா வந்ததும் மறைத்தேன், ஆனால் அணைக்கத் தெரியவில்லை. அப்போது அப்பா, நேற்று மருந்து வைத்தபோது போட்டிருந்த அதே சட்டையை ஆணியிலிருந்து எடுத்து உதறி, என் பக்கத்தில் வந்து நின்று மாட்டினார்.

மீட்டர் கத்தியது. வீடே அதிரும்படி கத்தியது. சுவருக்கு அப்பால் நபீசாத்தா, "எந்தாடீ அது?" என்று கேட்டாள்.

நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா பின்னால் நகர்ந்தார், சத்தம் நின்றது. முன்னால் வந்தார், மறுபடி கத்தியது. அவர் குனிந்து தன் சட்டைப் பையைப் பார்த்தார். பையின் அடியில் சாம்பல் நிறத்தில் பொடி. இத்தனை வருஷமாக அந்தச் சட்டையை இந்த அறையில்தான் தொங்கவிடுகிறார். அதன் கீழேதான் நாங்கள் மூன்று பேரும் தூங்குகிறோம்.

"எவ்வளவு காட்டுது?" என்றார்.

அம்மா விழுந்த நாளிலிருந்து இந்த விஷயத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. நான் எண்ணைப் படித்தேன். அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். சட்டையைக் கழற்றி, ஜன்னலுக்கு வெளியே கொடியில் போட்டார். பனியனோடு நின்றுகொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா சாயா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். யாரும் உனக்காகத்தான் என்று சொல்லவில்லை.

"மீட்டர எங்க எடுத்த?" என்று அம்மா கேட்டாள்.

"பெட்டியில போடல."

"இன்னிக்கு ஆள் வருவான்ல."

"வரட்டும். கதவுல நீட்டிப் பாத்துட்டுக் குடுக்கறேன்."

அப்பா வேறு சட்டை தேடிக்கொண்டிருக்கிறார். அவர் எங்களோடு வரப்போகிறாரா, எங்களைத் தடுக்கப்போகிறாரா தெரியாது. எனக்குக் கோபம் போகவில்லை. இந்த ஒரு கேள்வியால் போய்விடவும் கூடாது. நபீசாத்தா வாசலில் வந்து நின்று, "ஞானும் வருந்நு, நில்லு" என்கிறாள். மீட்டர் கதவில் கத்தினால் நாங்கள் மூவரும் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவோம். கத்துவது பஜார் ரோடு முழுக்கக் கேட்கும். அதை யாரும் இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல முடியாது.

இதை முடிக்கவேண்டும், மகனே. செருப்பு மாட்டியாயிற்று. ஒன்று மட்டும் தெரிந்துகொள். இன்றைக்கு நான் செய்யப்போவது எதுவும் உனக்காக இல்லை. உன்னைக் காரணம் காட்டி நான் எதையும் செய்யமாட்டேன், எதையும் மறைக்கவும் மாட்டேன். என் அம்மா மூச்சு விடவேண்டும், அதற்காகப் போகிறேன். பிறகு என் மீன் குழம்புக்காகவும். அது நல்ல குழம்பு. உப்பு மட்டும் ஒரு கல் கூட.

உன் அம்மா